பட்டியலில் இல்லாத பேர்

2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 ஆம் திகதி, தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி மாத்தளையை வந்தடைந்தது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூரும் முகமாக ஜூலை 28 இல் ஆரம்பித்த நடை அது. முன்னோர் கால்நடையாக வந்த வழியை ஒட்டி, தம்புள்ளை, நாவுலை, நாலந்தா எனக் கடந்து வந்திருந்தார்கள். நானும் வீதியோரத்தில் நின்றேன். கையில் குறிப்புப் புத்தகம், முழங்காலில் வலி. நடந்து வந்தவர்களோடு நடக்க முடியாத குற்றவுணர்வு வேறு.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். பேராதனையில் படிப்பதாகச் சொன்னாள். வீடு றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில். பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினாள். 2004 இல் நான் எழுதிய கட்டுரை.

“சேர், இது எங்க அம்மாயி. அவங்களோட அப்பாயி சின்னப் புள்ளையா இந்த ரோட்டால நடந்து வந்ததா எழுதியிருக்கீங்க. அவங்க பேரு என்ன சேர்? எங்க வீட்டுல இப்ப யாருக்குமே தெரியாது.”

கட்டுரையை வாங்கிப் பார்த்தேன். “மூதாட்டியின் பாட்டியார்” என்று மட்டுமே இருந்தது. பத்திரிகையில் இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது பெயர்தான். அதை வெட்டியது உதவி ஆசிரியர் அல்ல, நானே.

“பதிவில் இருக்கிறது மகள், தேடித் தருகிறேன்” என்றேன். இலகுவாகச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பதிவு ஓர் ஒலிப்பதிவுக் கருவிக்குள் இருந்தது. கைக்கடக்கமான, கசெட் இல்லாத கருவிகள் நம்மூர்ப் பத்திரிகையாளர் கைக்கு வரத் தொடங்கிய காலம் அது. கொழும்பிலே ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டிலேயே நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் குடியுரிமை கிடைத்திருந்தது. அவ்வாண்டு டிசம்பரில், பத்து நாட்களில் மட்டும் ஏறத்தாழ 190,000 பேர் பத்திரம் பெற்றார்கள். அடுத்த சில வாரங்களில் நான் தோட்டந்தோட்டமாக ஏறி இறங்கினேன். அந்த மூதாட்டிக்கு அப்போது எண்பது வயதிருக்கும். புதிதாகக் கிடைத்த பத்திரத்தை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்திருந்தார். 1948 இல் பறிபோனது, ஐம்பத்தைந்து வருடம் கழித்து ஒரு கடதாசியாகத் திரும்பி வந்திருந்தது.

அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைத்தான் கட்டுரைக்குத் தலைப்பாக்கினேன். “செக்ரோல்ல பேரு இருந்துச்சு, வோட்டுக்குத்தான் பேரு இல்லேன்னாங்க.” தோட்டத்தை அறியாத வாசகர்களுக்காக: செக்ரோல் என்பது நாளாந்த வேலைப் பதிவேடு. அன்றைய வேலை அதிலே பதிந்தால் அதற்குப் ‘பேர்’ என்றே பெயர். பாதி நாள் வேலைக்கு ‘அரைப் பேர்’. சம்பளமும் அரைவாசி. கொழுந்து பறிக்க அவர் பெயர் நாள் தவறாமல் ஏட்டில் ஏறியது. நாட்டின் ஏட்டில் மட்டும் ஏறவில்லை. 1964 இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, அவருடைய தம்பி அந்தப் பக்கத்துக் கணக்கில் போனார். ஒப்பாரிக் கோச்சி என்று மலையகத்தார் சொல்லும் ரயிலில் அவரை ஏற்றிவிட்டு வந்ததையும் மூதாட்டி அந்தக் கருவிக்குள் சொல்லியிருக்கிறார்.

ஒன்றரை மணி நேரப் பேச்சு. நான் எழுதியது ஐந்து பந்திகள். மிச்சம் முழுவதும் கருவியில். மூதாட்டி 2006 இல் காலமானார்.

வீட்டுக்கு வந்து மேசை இலாச்சியைத் திறந்தால், கருவி இருந்தது. மின்கலம் கசிந்து பச்சை பூத்திருந்தது. தேசிக்காய்ப் புளி தொட்டுப் பஞ்சால் துடைத்து, புது மின்கலம் போட்டதும் சிறிய திரையில் எழுத்துகள் வந்தன. கோப்புகள் எண்ணிக்கை 37 என்றும் காட்டியது. ஆனால் ஒலி இல்லை. ஒலிபெருக்கியும் செத்திருந்தது, காதணி செருகும் துளையும் செத்திருந்தது. மிச்சமிருந்த ஒரே வழி, அதன் அடியிலிருந்த யூ.எஸ்.பி. துளை.

இங்கேதான் சிக்கல். இன்றைய கருவிகளைக் கணினியில் செருகினால் ஒரு பென் டிரைவ் போலத் திறந்துகொள்ளும். அந்தக் காலத்து மலிவான கருவிகள் பல அப்படியல்ல. தம்முடன் வந்த இறுவட்டிலுள்ள மென்பொருளுடன் மட்டுமே பேசும். அந்த மென்பொருளோ விண்டோஸ் எக்ஸ்பிக்காக எழுதப்பட்டது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. என் மடிக்கணினியில் ஓடுவது உபுண்டு லினக்ஸ். கொள்கைப் பிடிப்பால் மாறியவன் அல்ல நான். 2022 இல், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்த நாட்களில், பத்திரிகைக் கடதாசி இல்லாமல் சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பையே நிறுத்திய நாட்களில், புதுக் கணினி என்பது நினைக்கவும் முடியாத பொருளாக இருந்தது. பழைய மடிக்கணினிக்கு உயிர் கொடுத்தது லினக்ஸ்தான். அந்த நன்றி இன்றும் உண்டு.

வைன் என்ற மென்பொருளைப் பயன்படுத்திப் பார்க்கும்படி ஒரு நண்பர் சொன்னார். விண்டோஸ் நிரல்களை லினக்ஸிலேயே ஓட்டுவது அது. நிரல் திறந்தது, கருவி தெரியவில்லை. வைன் நிரலுக்கு மொழிபெயர்ப்பாளராக நிற்குமே தவிர, விண்டோஸின் அடித்தளத்தில் உட்கார வேண்டிய சாதன இயக்கியை அது ஏற்றாது. ஆகவே மெய்நிகர் இயந்திரம் ஒன்றே வழி.

அதைத் தோட்டத்து உவமையால் விளக்குவதே எனக்கு எளிது. லயத்திலே வரிசையாகக் காம்பராக்கள். ஒரே கூரை, ஒரே பீலித் தண்ணீர். ஒரு காம்பராவை விருந்தாளிக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும்வரை அவர் அதைத் தனி வீடென்றே எண்ணுவார். வேர்ச்சுவல்பொக்ஸ் செய்வது இதைத்தான். என் உபுண்டு வீட்டுக்காரர். உள்ளே குடியிருக்கும் எக்ஸ்பி விருந்தாளி. தன்னிடம் சொந்தமாக நினைவகமும் வட்டும் உண்டென்று நம்பிக்கொண்டு அது பாட்டுக்கு ஓடும். இணையத் தொடர்பை மட்டும் துண்டித்து வைத்தேன். ஆதரவு நின்றுபோன எக்ஸ்பியை வெளியுலகில் உலவ விடுவது புத்தியல்ல.

இதே முயற்சியை 2009 இல் ஒருமுறை செய்து கைவிட்டவன் நான் என்பதையும் சொல்ல வேண்டும். வேர்ச்சுவல்பொக்ஸ் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனத்தில் பிறந்து, 2008 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸிடம் போய், 2010 இல் சன்னோடு சேர்த்து ஒரக்கிளிடம் போனது. அன்று அதன் திறந்த மூலப் பதிப்பில் யூ.எஸ்.பி. வசதியே கிடையாது. உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து நான் நிறுவியது அந்தப் பதிப்பை. இல்லாத கதவை மூன்று இரவுகள் தட்டிவிட்டுக் கருவியை இலாச்சியில் போட்டேன். மூதாட்டி காலமாகி மூன்று வருடம் அப்போது. இன்னொரு வாரம் முயன்றிருக்கலாம். முயலவில்லை.

இம்முறை, எக்ஸ்பியை நிறுவி, இறுவட்டின் பிம்பத்தை ஒரு நண்பரின் கணினியில் எடுத்து, மென்பொருளையும் ஏற்றியாயிற்று. கருவியைச் செருகினேன். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளை உண்டு. செருகப்பட்ட யூ.எஸ்.பி. சாதனங்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தும். ஒவ்வொரு சாதனமும் தன் உற்பத்தியாளருக்கு ஓர் எண், தன் வகைக்கு ஓர் எண் என இரண்டு நான்கிலக்க எண்களைச் சொல்லிக்கொண்டே உள்ளே வரும். என் கருவியும் சொன்னது. லினக்ஸ் அதைக் கண்டுகொண்டது. ஆனால் வேர்ச்சுவல்பொக்ஸின் யூ.எஸ்.பி. பட்டியலைத் திறந்தால், சாதனம் எதுவும் இணைக்கப்படவில்லை என்று ஒரே வரி. கழற்றிச் செருகினேன். வேறு துளையில் செருகினேன். வயரை மாற்றினேன். அதே வரி.

இரண்டாம் நாள் இரவுதான் காரணம் விளங்கியது. கருவியில் பிழையில்லை, வயரில் பிழையில்லை. லினக்ஸில் வேர்ச்சுவல்பொக்ஸை நிறுவும்போது விபொக்ஸ்யூசர்ஸ் என்றொரு பயனர் குழு உருவாகிறது. அந்தக் குழுவின் ஏட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான் யூ.எஸ்.பி. சாதனங்களை விருந்தாளியின் காம்பராவுக்குள் அனுப்பலாம். நிறுவியவர் நானே என்றாலும் என் பெயரை அது தானாகச் சேர்ப்பதில்லை. இதற்கு நியாயமும் உண்டு. ஒரு சாதனத்தை நேரடியாகக் கையாள விடுவதென்றால், வெளிவட்டு ஒன்றை முழுக்க அழித்துவிடவும் விடுவதாகும். அந்த உரிமையை எல்லோருக்கும் கொடுக்க முடியாது. நியாயம் விளங்கியது. இருந்தாலும் நள்ளிரவில் அந்தத் திரையின் முன்னே உட்கார்ந்திருந்தபோது, செக்ரோல்ல பேரு இருந்துச்சு என்ற குரல்தான் காதில் கேட்டது.

பெயரைச் சேர்க்க ஒரே ஒரு கட்டளை போதும்: யூசர்மாட். அதற்குப் பின்னே ஒரு சிறு கோடும், சிறிய ‘ஏ’ எழுத்தும், பெரிய ‘ஜி’ எழுத்தும் வரவேண்டும். அந்த ‘ஏ’ என்பது ‘இருப்பவற்றோடு சேர்’ என்று பொருள்படும். அவசரத்தில் அதை நான் விட்டுவிட்டேன். ‘ஏ’ இல்லாவிட்டால் கட்டளையின் பொருள், ‘இந்த மனிதரை இந்தக் குழுவில் மட்டும் வை, மற்ற எல்லாவற்றிலிருந்தும் நீக்கு’ என்பதாகிவிடும். கணினி மறுபேச்சில்லாமல் அப்படியே செய்தது. ஏழெட்டுக் குழுக்களிலிருந்து என் பெயர் ஒரே கணத்தில் போயிற்று. நிர்வாக உரிமை தரும் சூடோ குழுவும் அதில் அடக்கம். கணினியை மறுதொடக்கம் செய்து, பிழையைத் திருத்தலாமென்று கடவுச்சொல்லைக் கொடுத்தால், நான் அந்தப் பட்டியலில் இல்லையென்றும் இச்சம்பவம் அறிக்கையிடப்படும் என்றும் பதில் வந்தது. யாரிடம் அறிக்கையிடுமோ! இந்த வீட்டில் நானும் என் மனைவியும்தான்; அவர் நித்திரை.

சொந்த வீட்டில் உரிமையில்லாதவனாக ஒரு மணி நேரம் இருந்தேன். பிறகு மீட்பு முறையில் கணினியைத் தொடக்கி, மூல நிர்வாகியாக நுழைந்து, வட்டை எழுதக்கூடிய நிலைக்கு மாற்றி, இழந்த குழுக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ‘ஏ’ எழுத்தை இம்முறை இருமுறை பார்த்துக்கொண்டேன். பெயரைச் சேர்த்த பிறகு லினக்ஸிலிருந்தே வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். நுழையும் வேளையில் மட்டுமே குழு ஏடு வாசிக்கப்படும். விருந்தாளி இயந்திரத்தை மட்டும் நிறுத்தித் தொடக்குவதால் ஒன்றும் ஆகாது.

மீண்டும் நுழைந்தபோது, பட்டியலில் கருவியின் பெயர் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு நான் கைதட்டியது உண்மை.

கைதட்டியது முந்திவிட்டது. பெயரைத் தெரிவு செய்தும் எக்ஸ்பி அசையவில்லை. இதற்குக் காரணம் என் பேராசை. மெய்நிகர் இயந்திரத்தில் யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியைத் தெரிவு செய்யுமிடத்தில் 1.1, 2.0, 3.0 என மூன்று இருந்தன. பெரியது நல்லதென்று 3.0 ஐப் போட்டிருந்தேன். அதற்காக நீட்சிப் பொதி என்ற இணைப்பையும் தனியே தரவிறக்கியிருந்தேன். என்னிடமிருந்த 6.1 பதிப்பில் 2.0 க்கும் 3.0 க்கும் அது தேவை. பிரதான மென்பொருளும் பொதியும் ஒரே பதிப்பிலக்கமாக இருக்கவும் வேண்டும். (2022 ஒக்டோபரில் வந்த 7.0 முதல் இவ்விரண்டும் பிரதான மென்பொருளிலேயே அடங்கிவிட்டன.) ஆனால் எக்ஸ்பி 2001 இல் வந்தது. யூ.எஸ்.பி. 3.0 என்றொன்று உலகில் உண்டென்றே அதற்குத் தெரியாது. விண்டோஸ் அதைத் தானாக அறிந்துகொண்டது 2012 இல் வந்த விண்டோஸ் 8 இலிருந்துதான். வாசலை நவீனமாகக் கட்டிவிட்டு, உள்ளே இருக்கும் கிழவருக்குத் திறக்கத் தெரியவில்லையென்று கோபித்தது என் தவறு. கருவியும் விநாடிக்கு 12 மெகாபிட் வேகத்துக்குள் பேசும் பழையதே. 1.1 க்கு இறங்கினேன். எக்ஸ்பியின் மூலையில் “புதிய வன்பொருள் கண்டறியப்பட்டது” என்ற அந்தப் பழைய மஞ்சள் குமிழி எழுந்தது. பல வருடங்களுக்குப் பிறகு கண்ட முகம்.

கருவியை ஒவ்வொரு முறையும் கையால் ஒப்படைக்காமலிருக்க வடிகட்டி என்றொரு ஏற்பாடு உண்டு. இந்த இரண்டு எண்களையுடைய சாதனம் வந்தால் நேரே விருந்தாளியிடம் அனுப்பு என்று எழுதிவைக்கலாம். நான் எண்களை எழுதாமல் வெறுமையாக ஒரு வடிகட்டியைச் சேர்த்தேன், வேலை நடந்தது, விட்டுவிட்டேன். இதை வாசகர்கள் ஞாபகம் வைத்திருக்கவும்.

37 கோப்புகளும் எக்ஸ்பிக்குள் வந்து, ஒலிக்கோப்புகளாக மாறி, பகிர்வுக் கோப்புறை வழியாக உபுண்டுவுக்கு வந்து சேர்ந்தன. அன்றிரவே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை தாயையும் அழைத்துக்கொண்டு வந்தாள்.

முதலில் தகரத்தில் மழை பெய்யும் சத்தம். பிறகு ஒரு சேவல். பிறகு என்னுடைய குரல், இப்போதையதைவிட மெல்லியது, அதிகாரமும் கொஞ்சம் கூடியது. பிறகு அம்மாயி. தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். இடையில் ஒரு குழந்தை எதற்கோ வீரிட்டது. யாரோ தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். “அது நானா?” என்று பெண் கேட்டாள். “நீதான், வேற யாரு” என்றார் தாய்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் அந்தப் பெயர் வந்தது. தெளிவாக, இரண்டு முறை. அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அது அந்த வீட்டாரின் சொத்து. பெண் கொப்பியில் எழுதிக்கொண்டாள். ஒலிப்பதிவில் அம்மாயி தொடர்ந்தார்: “எட்டு வயசாம். அவங்க அய்யா கையப் பிடிச்சிக்கிட்டு வந்தாங்களாம். அவங்க ஊரு வந்து சார்...”

“அது சரி பாட்டி, பத்திரம் கிடைச்சதைப் பற்றிச் சொல்லுங்க” என்றது என் குரல்.

அவரும் பத்திரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மரியாதை தெரிந்த மனுஷி. ஊரைப் பற்றிய பேச்சு பிறகு வரவேயில்லை. மிச்சமுள்ள ஐம்பது நிமிடத்தையும் கேட்டோம். மற்றக் கோப்புகளையும் நான் பின்னர் ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டேன்.

எவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்த இடத்தை இன்னொரு முறை போடும்படி பெண் கேட்டாள். மூன்று முறை போட்டோம். ‘ஊரு வந்து’ என்பதற்கும் என் குரலுக்கும் இடையில் ஏதாவது ஓர் எழுத்தாவது இருக்கிறதா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். ஒரு மூச்சு மட்டும் இருந்தது. நான் எழுந்து தேநீர் ஊற்றப் போனேன். எடிட்டர் கேட்டது குடியுரிமைக் கதையை, ஊர்க் கதையை அல்ல என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். ஆனாலும் அந்த வாக்கியம் முடிய எத்தனை விநாடி ஆகியிருக்கும்?

தேநீரோடு திரும்பியபோது பெண் தன் பென் டிரைவைக் கணினியில் செருகிவிட்டுத் திகைத்துக்கொண்டிருந்தாள். “சேர், எடுக்குதில்லையே. பழுதாகிருச்சா?” உபுண்டுவில் எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் என் வெறும் வடிகட்டி ஞாபகத்துக்கு வந்தது. எண் குறிப்பிடாத வடிகட்டி, வருகின்ற எல்லாவற்றையும் பிடித்து விருந்தாளியிடம் கொடுத்துவிடும். ஒரு சாதனம் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். விருந்தாளி எடுத்துக்கொண்டால் வீட்டுக்காரர் கண்ணுக்கு அது இல்லை. பின்னால் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்பி, பென் டிரைவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

எக்ஸ்பியை மூடினேன். பென் டிரைவ் இந்தப் பக்கம் வந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தையும், வெட்டாமல், என் குரலோடு சேர்த்தே பிரதி செய்து கொடுத்தேன். என் குரலை நீக்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, “வேணாம் சேர், அப்படியே இருக்கட்டும்” என்றாள். றத்தோட்டை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே தாய் என்னிடம் திரும்பி, இந்தியாவுக்குப் போன மாமாவின் பிள்ளைகள் யாராவது இருந்தால் அந்த ஊர்ப் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்றார். கடைசிக் கடிதம் வந்தது எந்த ஊரிலிருந்து என்று கேட்டேன். வீட்டில் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கிறதாம். பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.